கை, காயம், காய்ச்சல்: தொற்றை வீட்டிலேயே தடுப்பது எப்படி

நான் பொது மருத்துவ வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அங்கே வந்து படுக்கிற பலருக்கு வந்தது ஏதோ அபூர்வமான நோய் இல்லை. காலில் ஒரு கீறல், சிறுநீர் போகும்போது எரிச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு. தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் வார்டு வரை வந்திருக்கவே வேண்டாம். அது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கை. 1847-ல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்து நேராகப் பிரசவம் பார்க்க வந்தவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சலில் இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. கிருமிதான் காரணம் என்று மருத்துவ உலகம் ஏற்பதற்கு முன்பே நடந்தது இது.

சோப்பு போட்டு 20 வினாடியாவது தேய்க்க வேண்டும். உள்ளங்கையை எல்லோரும் நன்றாகத்தான் தேய்க்கிறார்கள். விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனியும். கட்டைவிரலை மற்றக் கையால் பிடித்துத் திருகித் தேயுங்கள். விரல் நுனிகளை எதிர் உள்ளங்கையில் வைத்து, நகத்துக்கு அடியில் சோப்பு போகிற மாதிரி சுரண்டுங்கள். கழுவியதும் சுத்தமான துணியில் துடைத்துக் காய விடுங்கள், ஈரக் கையில் கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ளும். கழிப்பறை போன பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், மூக்கைச் சிந்திய பிறகு, பச்சை இறைச்சியைத் தொட்ட பிறகு கழுவினாலே பாதி வேலை முடிந்தது. வெளியில் இருக்கும்போது குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள சானிடைசர் உதவும். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாகச் சாவதில்லை. வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் சோப்பும் தண்ணீரும்தான்.

அடுத்தது காயம். ஓடும் தண்ணீரில் மண், தூசி போகும்வரை கழுவுங்கள். பொடி, பேஸ்ட் என்று கையில் கிடைத்ததை அப்ப வேண்டாம். சுத்தமான கட்டுப் போட்டு, தினமும் பிரித்துப் பாருங்கள். சுற்றிலும் சிவந்திருந்தால், அந்தச் சிவப்பின் விளிம்பை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு வரைந்து பக்கத்தில் நேரத்தையும் எழுதிவையுங்கள். வார்டில் நாங்கள் செய்வதும் இதுதான். சிவப்பு கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கீற்று ஓடினாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும் அப்படியே. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. தினமும் படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் கண்ணால் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அப்புறம், துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி மண்ணில் இருக்கிறது. ஆழமான, அழுக்கான எந்தக் காயமானாலும் ஊசி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து போட வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து. வயிற்றுப்போக்கு வந்தவர், அது நின்று 2 நாள் ஆகும்வரை மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சளி, இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. போன தடவை மிச்சமான மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே 1945-ல் நோபல் உரையில், மருந்தைக் குறைவாக எடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி கடுமையாக இருந்தால் காட்டிவிடுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது பின்னால் இதய வால்வையே கெடுக்கும். சிறுநீர் எரிச்சலும் அப்படித்தான்: கூடவே குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் வந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம்.

எந்தத் தொற்றானாலும் சரி, வேகமான மூச்சு, பேச்சில் குழப்பம், எழுப்பினால் எழாத மயக்கம், நாள் முழுக்கச் சிறுநீர் போகாமை, தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே போதும், உடனே கிளம்ப வேண்டியதுதான். காய்ச்சல் எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை கொடுத்தீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தொற்றை எதிர்க்கும்போது உடல் கட்டுமீறிப் போய், தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் ஆபத்தான நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். மருத்துவமனைக்குப் போனதும் தயங்காமல், “இது செப்சிஸாக இருக்குமா?” என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்கிறவர்கள்மேல் நாங்கள் கோபப்படுவதில்லை.