ஆன்லைனில் பழைய சைக்கிள்: பணம் கொடுப்பதற்கு முன் செய்யும் தவறுகள்

பழைய பைக் வாங்கும்போது ஆர்.சி. புக்கைப் பார்க்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. சைக்கிளுக்கு ஆர்.சி. கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்'-இல் போட்டுத் தேடவும் முடியாது. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட பேட்டரி சைக்கிள்களுக்கும் இதே நிலைதான். அதனால் திருடியவர் அதை விற்பது ரொம்பச் சுலபம். ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ ஒரு போட்டோவும் விலையும் போட்டால் போதும். இது யாருடைய சைக்கிள் என்பதற்கான ஆதாரத்தை வாங்குபவரே கேட்டு, பார்த்து, எழுதி வாங்கிச் சேர்த்தாக வேண்டும்.

'நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன், எனக்கு என்ன பிரச்சினை வரப்போகிறது?' என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27ஆவது பிரிவைப் பாருங்கள். சொந்தக்காரர் அல்லாத ஒருவர், சொந்தக்காரரின் அனுமதியும் இல்லாமல் விற்றால், விற்றவருக்கு இருந்ததைவிடக் கூடுதலான உரிமை எதுவும் வாங்கியவருக்கு வராது. திருடியவருக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆக, எட்டாயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் போலீஸ் அதைக் கைப்பற்றலாம். சைக்கிள் உரியவரிடம் போய்விடும், பணத்துக்கு நீங்கள் விற்றவரைத் தேடி அலைய வேண்டும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவுப்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் அதை வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நம்பரைச் சுரண்டிய பிரேம், பாதிக்கும் கீழான விலை, பெயர் சொல்ல மறுக்கும் விற்பனையாளர் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டும் வாங்கியவர், 'எனக்குச் சந்தேகமே வரவில்லை' என்று பிறகு சொல்வது கஷ்டம்.

பிரேம் நம்பரைக் கேட்காமலே கிளம்பிப் போவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான் என்பேன். சைக்கிளுக்கு என்று இருக்கும் ஒரே அடையாளம் பிரேமில் பதித்திருக்கும் நம்பர். பெரும்பாலான சைக்கிள்களில் அது அடிப்பக்கம் இருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், இரண்டு பெடலுக்கும் நடுவே அச்சு ஓடும் தடித்த குழாயின் அடியில் தெரியும். சிலவற்றில் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலும், சிலவற்றில் ஹேண்டிலுக்குக் கீழே முன்பக்கத்திலும், சிலவற்றில் பின்சக்கரம் மாட்டும் இடத்திலும் பதித்திருப்பார்கள்.

நேரில் போவதற்கு முன்பே, "பிரேம் நம்பரை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். அது எங்கே இருக்கிறது என்று உண்மையான சொந்தக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம், அது சகஜம். இடத்தைச் சொன்னால் எடுத்து அனுப்பிவிடுவார். "அதெல்லாம் எதுக்கு, வந்து பாருங்க", "இன்னொருத்தர் ரெடியா இருக்கார், வேணும்னா இப்பவே சொல்லுங்க" என்று இழுத்தால் அந்த விளம்பரத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது ஒரு துணியும் போனில் டார்ச்சும் போதும். அடிப்பக்கத்துச் சேற்றைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்தின் பள்ளம் நிழலோடு தெரியும். அனுப்பிய போட்டோவில் இருந்த அதே நம்பரா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்த்த இடம் மற்ற இடத்தைவிட வழவழவென்று சற்றே தட்டையாக இருக்கும். சைக்கிள் முழுக்கப் பழைய பெயின்ட், அந்த இடத்தில் மட்டும் புதுசாகத் தடித்த பெயின்ட் என்றால் கேள்வியே வேண்டாம், திரும்பி வந்துவிடலாம். ரொம்பப் பழைய சைக்கிளில் துருவே நம்பரை மூடியிருக்கலாம். துருப்பிடித்த உலோகம் சொரசொரப்பாக இருக்கும், தேய்த்த உலோகம் அப்படி இருக்காது. தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அந்த நம்பரைப் பைக் இண்டெக்ஸ் போன்ற இலவசப் பதிவுத் தளங்களில் ஒருமுறை தேடலாம். அதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நல்ல சைக்கிள் என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் சைக்கிளைப் பதிந்து வைக்கும் வழக்கமே இல்லை.

பில் போட்டோவைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுவது

வாட்ஸ்அப்பில் வரும் பில் யாருடையதாகவும் இருக்கலாம். பில்லில் உள்ள மாடலும் முன்னால் நிற்கும் சைக்கிளும் ஒன்றா, பில்லில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். சின்னக் கடைகளில் மாடலைக்கூட எழுதாமல் 'சைக்கிள் - 1' என்று மட்டும் போட்டுக் கொடுப்பதும் உண்டு. அப்போது கடைக்கு ஒரு போன் செய்துவிடலாம். போட்டோவில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம், கூகுள் மேப்பில் நீங்களே தேடி எடுத்த எண்ணுக்குப் பேசுங்கள். டெகத்லான் மாதிரி இடங்களில் போன் நம்பரைக் கொடுத்து வாங்கியிருந்தால், வாங்கியவரின் கணக்கிலேயே அந்த விவரம் இருக்கும். ஆப்பைத் திறந்து காட்டச் சொல்லலாம்.

பில் இல்லை என்பதாலேயே திருட்டுச் சைக்கிள் என்று சொல்லிவிட முடியாது. எட்டு வருஷத்துக்கு முன் வாங்கியதன் பில்லை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? ஆனால் சொந்தச் சைக்கிள் என்றால் போன் கேலரியில் எங்கேயாவது அது இருக்கும். பிள்ளை அதில் உட்கார்ந்திருக்கும் பிறந்தநாள் போட்டோ, பின்னணியில் வாசலில் நிற்கும் சைக்கிள் என்று ஏதோ ஒன்று, பழைய தேதியோடு. போட்டோஷாப் செய்யக்கூடிய பில்லைவிட இதை நான் அதிகம் நம்புவேன். "நானே ஒருத்தர்கிட்ட வாங்கினதுதான்" என்றால், அவருக்குப் பணம் அனுப்பிய ஜிபே பதிவையோ அப்போதைய சாட்டையோ கேளுங்கள்.

பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கடை பில்லே கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்தும் ட்யூஷன் வாசலிலிருந்தும் தொலைகிற சைக்கிளாகவும் அது இருக்கலாம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய், அப்பா அம்மாவிடம் பேசாமல் அதை வாங்காதீர்கள். யாரோ ஒரு இளைஞர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து விற்கிறார் என்றால், அதைத் தொலைத்துவிட்டு நடந்து பள்ளிக்குப் போகிற ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

சைக்கிளை மட்டும் பார்ப்பது, ஆளைப் பார்க்காமல் விடுவது

பிரேக் பிடிக்கிறதா, கியர் மாறுகிறதா என்பதிலேயே நம் கவனம் போய்விடும். அதற்குமுன் பூட்டைப் பாருங்கள். பின்சக்கரத்தில் வளையப் பூட்டு இருந்தால் சாவி எங்கே? பூட்டே இல்லையென்றால், அது இருந்த இடத்தில் பின்பக்கக் கம்பியில் நசுங்கல், ரம்பத் தடம், பெயின்ட் உரிந்த கீறல் இருக்கிறதா? பேட்டரி சைக்கிள் என்றால் சார்ஜரும் பேட்டரிச் சாவியும் கூடவே வர வேண்டும். இரண்டும் தொலைந்துவிட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அப்புறம் சீட்டின் உயரம். "மூணு வருஷமா நான்தான் ஓட்டுறேன்" என்பவரை ஒரு தடவை ஏறி உட்காரச் சொல்லுங்கள். சீட் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத உயரத்தில் இருந்தால் அங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கடைசியாக எப்போது டயர் மாற்றினீர்கள், எந்தக் கடையில் சர்வீஸ் விட்டீர்கள், ஏன் விற்கிறீர்கள் என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். ஓட்டியவர் யோசிக்காமல் சொல்வார், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்.

சந்திக்கும் இடம் அவருடைய வீட்டு வாசலாகவோ அபார்ட்மென்ட் கேட்டாகவோ இருந்தால் நல்லது. வாட்ச்மேனுக்கு அவரைத் தெரிகிறதா என்பது அங்கேயே புரிந்துவிடும். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகலிலேயே போங்கள். சந்தேகம் வந்தால் வாக்குவாதம் வேண்டாம், "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்று நகர்ந்துவிடுங்கள்.

எழுதி வாங்காமல் பணத்தைக் கொடுப்பது

ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது, முன்பணம் அனுப்பினால் பார்சலில் வந்துவிடும் என்பவரிடம் சைக்கிளே இருக்காது. பார்க்காத பொருளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அப்படி ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

நேரில் பார்த்து, பிடித்து, வாங்குவது என்று முடிவானால் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்புங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். அது அவர் சொன்ன பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு யுபிஐ பின் (PIN) நம்பரைப் போடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் மாடல், நிறம், பிரேம் நம்பர், விலை, தேதி, இருவரின் பெயர், முகவரி, போன் எண் எழுதி, 'இது என் சொந்தச் சைக்கிள், இன்னாருக்கு விற்றேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். கூடவே அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரின் நகல் தர அவர் தயங்கினால் அது நியாயமான தயக்கம்தான், முதல் எட்டு எண்களை மறைத்த நகல் போதும். விளம்பரத்தையும் சாட்டையும் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்றுமுடித்ததும் விளம்பரம் காணாமல் போய்விடும், நாளைக்கு நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கினீர்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது இவைதான்.

இவ்வளவுக்கும் பிறகு, வாங்கிய சைக்கிள் திருட்டுச் சைக்கிள் என்று தெரியவந்தால்? விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றோ, வேறு யாருக்காவது தள்ளிவிடலாம் என்றோ நினைக்காதீர்கள். தெரிந்த பிறகு விற்றால் நீங்களும் குற்றத்தில் பங்காளி ஆகிவிடுவீர்கள். சைக்கிளையும் அந்தத் தாளையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததை எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.