வாடகை உயர்வைக் குறைக்க, முதலில் ஓனரின் கவலையைக் கேளுங்கள்

11 மாத ஒப்பந்தம் முடிந்து ஓனர் வாடகையை ஏற்றச் சொன்னால், உடனே தொகையில் பேரம் பேசாதீர்கள். "இந்த வீட்டு விஷயத்தில உங்களுக்கு எது சார் தொந்தரவா இருக்கு?" என்று கேளுங்கள். வாடகை இழுபறியாக வருவது, ஆள் மாறிக்கொண்டே இருப்பது, மோட்டார், தொட்டி என்று அடிக்கடி வரும் போன்கள் என ஏதாவது ஒன்று வெளியே வரும். அதைத் தீர்க்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு உயர்வைக் குறைக்கச் சொல்லுங்கள். உதாரணமாக, ஒன்றாம் தேதியே வாடகை, இன்னும் இரண்டு வருடம் இருப்போம் என்ற உறுதி, சில்லறை ரிப்பேர் உங்கள் பொறுப்பு. இவை உங்களுக்குப் பெரிய செலவில்லை, அவருக்கோ பெரிய நிம்மதி.

கணக்கும் உங்கள் பக்கம்தான். 15,000 ரூபாய் வீட்டுக்கு 1,500 ஏற்றினால் அவருக்கு வருடத்துக்கு 18,000 கூடுதல். நீங்கள் காலி செய்து வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே 15,000 போய்விடும், அப்புறம் பெயின்ட் செலவு வேறு. இதை மிரட்டலாகச் சொல்லாமல் அக்கறையோடு பேசினால்தான் எடுபடும்.

ஆனால் உங்களால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த எல்லை இல்லாத அக்கறை வெறும் விட்டுக்கொடுப்பாகிவிடும். வீடு மகனுக்கு வேண்டும், விற்கப் போகிறோம் என்று ஓனர் சொன்னால் இது உதவாது. நிறுவனம் நடத்தும் குடியிருப்பில் எல்லாருக்கும் ஒரே ரேட் என்றாலும் அப்படித்தான்.