சில்க் பூ பொக்கே: வீட்டில் செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

கிருஷ்ணகிரிப் பக்கம் ரிசப்ஷன் மேடையில் ஏழு மணிக்கு ஏறி நிற்கும் பெண், சாப்பிட இறங்கப் பத்து மணி ஆகிவிடும். எலத்தகிரி, கோவிலூர் மாதிரி ஊர்களில் சர்ச் கல்யாணம் என்றால் காலையிலேயே பூச்செண்டு கைக்கு வந்துவிடும். என் அக்கா மகளுக்கு சில்க் பூவில், அதாவது துணியில் செய்த செயற்கைப் பூவில், நான் முதன்முதலில் செய்த பொக்கே, மேடையில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஒரு இதழ் உதிரவில்லை, நிறம் மங்கவில்லை. "சின்னம்மா, மணிக்கட்டு விட்டுப்போச்சு, இதைக் கொஞ்சம் புடி" என்று என்னிடம் நீட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அது பின்னால் நாற்காலியில் கிடக்கிறது.

செய்கிற நாம் பொக்கேயை மேலிருந்து பார்க்கிறோம். பிடிக்கிற பெண்ணுக்கு அது கீழிருந்து தொடங்குகிறது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இதில்தான் வந்து நிற்கின்றன.

எடையையே முதலில் எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கும் ஒவ்வொரு சில்க் ரோஜாவின் தண்டுக்குள்ளும் இரும்புக் கம்பி இருக்கிறது, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. 30 ரோஜாவைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் கைப்பிடி உலக்கை மாதிரி ஆகிவிடும். அக்கா மகளுக்குக் கொடுத்தது அப்படிப்பட்டதுதான். இப்போது ஐந்தாறு பூவுக்கு மட்டும் தண்டை விட்டுவைக்கிறேன். மற்றவற்றைப் பூவுக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, 20 கேஜ் கம்பியைச் சேர்த்து, பூவேலைக்கென்றே விற்கும் பச்சை டேப்பைச் சுற்றிவிடுகிறேன். கட்டி முடித்தபின் கைப்பிடியைப் பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் தொட வேண்டும். சமையலறைத் தராசில் 400 கிராமைத் தாண்டினால் நான் பூவைக் குறைத்துவிடுவேன்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம், கட்டிங் பிளேயர் வேண்டும். கட்டுக்கம்பி மலிவு என்று ஹார்டுவேர் கடையில் வாங்காதீர்கள். கை வியர்வை பட்டுத் துரு ஏறி, வெள்ளை ரிப்பனில் செம்மண் கறை மாதிரி தெரியும். துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பி கேளுங்கள்.

அகலத்திலும் ஆசை கூடாது. 20 முதல் 22 செ.மீ. போதும். ஒரு பூ 6, 7 செ.மீ. இருந்தால் 12 முதல் 15 ரோஜாவிலேயே இந்த அளவு வந்துவிடும். இதைவிடப் பெரிதானால் ஒட்டியாணம், கொசுவம், முந்தானை பார்டர் எல்லாம் மறைந்து, பட்டுப்புடவைக்குக் கொடுத்த காசு போட்டோவில் தெரியாமலே போகும்.

அடுத்தது பெயரால் வரும் தவறு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகும் கூட்டுக்கும் இந்தப் பூவுக்கும் உறவே இல்லை. சில்க் பூ என்று விற்பதில் பெரும்பாலானவை பாலியஸ்டர். இது தெரியாமல், பெட்டிக்குள் நசுங்கி வந்த இதழைப் பட்டுத்துணி என்று நினைத்து இஸ்திரி போடுகிறார்கள். சூடு கொஞ்சம் கூடினால் இதழ் சுருங்கிவிடும், இல்லையென்றால் பளபளவென்று தட்டையாகிவிடும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும்போது, ஆவியில் ஒரு சாண் உயரத்தில் பூவைத் தலைகீழாகக் காட்டுங்கள். பத்து வினாடியில் இதழ் இளகும், அப்போதே விரலால் வடிவம் கொடுக்கலாம். கையைச் சுட்டுக்கொள்ளாமல் இடுக்கியில் பிடியுங்கள்.

வடிவம் என்றால் என்ன வடிவம்? இதற்கு நம் ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் விளையும் தாஜ்மஹால் ரோஜா, பிப்ரவரி 14-க்கு வெளிநாடு வரை போகிறது. அதில் ஒன்றை வாங்கி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இதழ்கள் சுருட்டிய பாய் மாதிரி இறுக்கமாக இருக்கும். வெளி இதழ்களின் ஓரம் மட்டும் பின்னால் மடங்கியிருக்கும். கடைசி இரண்டு இதழ்கள் கொஞ்சம் தளர்ந்து, ஒன்று மற்றொன்றைவிடத் தாழ்ந்திருக்கும். சில்க் ரோஜாவில் இதழ்கள் அச்சில் வெட்டியவை என்பதால் எல்லாம் ஒரே மாதிரி விரிந்து நிற்கின்றன. அதுதான் கண்ணுக்குப் பொய்யாகப் படுகிறது. வெளி இதழ் ஓரத்தைப் பென்சிலில் சுற்றி மடக்குங்கள். எல்லாப் பூவையும் முழுதாக விரிக்காமல், மூன்றில் ஒன்றைப் பாதி மொட்டாக விடுங்கள். இந்த வேலைக்கு மட்டும் நான் ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குவேன். பொக்கேயின் அழகு இங்கேதான் வருகிறது.

கட்டும்போது தண்டுகளை நேராக அடுக்கினால் துடைப்பக்கட்டு மாதிரி மேல்பக்கம் தட்டையாகிவிடும். முதல் பூவை நேராகப் பிடித்து, அடுத்த ஒவ்வொரு தண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்து, கையில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். தண்டுகள் ஒரே இடத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டு இடுப்பு மாதிரி குறுகும், பூ தானாகக் குவிந்து நிற்கும்.

பச்சை டேப் ஒட்டவே இல்லை, கடைக்காரர் பழசைக் கொடுத்துவிட்டார் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த டேப்பில் இருப்பது மெழுகுப் பசை. இழுத்தால்தான் பசை வெளியே வரும். விறைப்பாக இழுத்து, சாய்வாகச் சுற்றுங்கள்.

சூட்டில் பசையை உருக்கி விடும் குளூ கன் பற்றி ஒன்றே ஒன்று: பூத்தலை தண்டில் வெறுமனே செருகப்பட்டிருக்கும். கழற்றி, ஒரு சொட்டு பசை வைத்து மறுபடி செருகாவிட்டால் மேடையில் யாராவது கட்டிப்பிடிக்கும்போது தலை தனியே விழும். இதழில் தொங்கும் பசை நூலை ஹேர் டிரையரில் லேசாகக் காட்டினால் சுருங்கிவிடும்.

பெரிதாகக் கவலைப்பட வேண்டியது கம்பி முனை. ஒரு கல்யாணத்தில் கைப்பிடியின் அடியில் நீட்டியிருந்த கம்பி, புடவையின் ஜரிகையில் மாட்டி ஒரு விரல் நீளத்துக்கு இழுத்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. முனைகளை உள்பக்கமாக வளைத்து, பஞ்சு வைத்து, டேப் சுற்றி, அதன்மேல் ரிப்பன். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எங்காவது உறுத்தினால் அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள்.

நிறம் பார்க்க பிளவுஸ் துணியைக் கையோடு எடுத்துப் போய், கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பூவை வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் வெள்ளையும் சந்தன வெள்ளையும் வெளியே வந்தால் அடித்துக்கொள்ளும். வாசனைக்காக நிஜ மல்லியை நடுவில் செருக வேண்டாம். ஈரம் பட்டுச் சாயம் இறங்கும், மல்லியும் இரவுக்குள் பழுத்துவிடும். சென்ட் அடித்தாலும் திட்டாகிவிடும்.

சித்திரை, வைகாசி முகூர்த்தம் என்றால் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரி வரைகூடப் போகலாம், பசை பிடி தளர்ந்துவிடும். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, கைப்பிடியைச் செருகி நிறுத்தி, மேலே பழைய காட்டன் துணி போட்டு, மண்டபத்துக்கு மடியில் வைத்து எடுத்துப் போங்கள்.

ரிப்பனை ஒட்டும் முன் கடைசியாக ஒன்று செய்வேன். கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்னால், வீட்டில் சொந்தபந்தம் கூடியிருக்கும்போது பொக்கேயைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் பேச்சு சுவாரசியத்தில் ஒரு கால் மணி நேரம் கை மாற்றாமல் நின்றால் ரிப்பனை எடுப்பேன். மாற்றினால் கட்டிங் பிளேயரை எடுப்பேன்.