ஒன்றரை வயதுக் குழந்தையோடு கோவையிலிருந்து சிங்கப்பூர்: மாமியார் வீட்டுப் பயணத்துக்கு ஒரு செய்முறை

அப்பத்தாவையும் அப்பாருவையும் போன் திரையில் மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தையை முதல்முறையாகச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது. கோவையிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அந்த நாலு மணி நேரத்தைவிட அதிகம் படுத்துவது காகித வேலைதான். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

1. பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும்

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்து, அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பதிந்த சான்றிதழில் பெயர் இல்லாமலே பலர் வைத்திருப்பார்கள். பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பின் தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பாஸ்போர்ட் அலுவலகம் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கும். ஆதாரை நீட்டிப் பயனில்லை.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விடாமல் அப்பாவின் முழுப்பெயரை எழுதுங்கள். காலியாக விட்டால் டிக்கெட் போடும்போது ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். அப்பா பெயரின் எழுத்துகள் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஒற்றை 'எச்' கூடினாலும் குறைந்தாலும் பிறகு அலைச்சல்தான்.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட 'அனெக்சர் டி' என்ற சம்மதப் படிவம் வேண்டும். ஒருவருடைய சம்மதம் கிடைக்காத நிலை என்றால் 'அனெக்சர் சி'. கட்டணம் 1000 ரூபாய், 8 வயதுக்குள் புதிதாக எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி. 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணிப் போட்டோவை நீங்களே கொண்டுபோக வேண்டும். வெள்ளை வேட்டியை விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுத்தால் நிழல் விழாது. உட்காரவைத்தால் யாராவது பிடித்திருக்கும் கை படத்தில் வந்து, போட்டோ திரும்பிவிடும்.

2. டிக்கெட்டும் விசாவும்

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம். இரண்டு முடிந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம். போகும்போது 23 மாதமாக இருந்து, அங்கே இருக்கையில் பிறந்தநாள் வந்தால், திரும்பும் பயணத்துக்கு இருக்கைக் காசு கட்ட வேண்டும். இதைக் கணக்குப் பார்க்காமல் ஒரு மாதம் தங்கத் திட்டமிடாதீர்கள். கோவைக்கு வரும் சிறிய ரக விமானங்களில் தொட்டில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஜன்னல் ஓர இருக்கை வாங்கினால் பால் கொடுக்க மறைவு கிடைக்கும், சாப்பாட்டு வண்டியும் குழந்தையின் காலில் இடிக்காது.

விசா குழந்தைக்கும் தனியாக உண்டு. பயண நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதமாவது காலம் மீதி இருக்க வேண்டும். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற சிங்கப்பூர் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும்தான். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. அம்மா மட்டும் குழந்தையோடு முன்னால் போவதாக இருந்தால், அப்பாவின் சம்மதக் கடிதத்தை நோட்டரியிடம் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பெட்டியில் எது கூடாது

கொப்பரையை எந்தப் பையிலும் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத்தில் தடை. மிளகாய்ப்பொடியைக் கைப்பையில் வைக்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் கசகசா. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தோடு சேர்ந்த விஷயம். தனியாகக் கட்டிய பொட்டலத்தை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். அத்தைக்கென்று ஆசையாக அரைத்த குருமாப் பொடிக்குள் அது இருப்பதுதான் மறந்துபோகும். ஈரோட்டு மஞ்சளும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் கொண்டுபோங்கள், மாமியாருக்கு அதுவே சந்தோஷம்.

4. குழந்தையின் சாப்பாடு

ஊர் மாறினாலும் முதல் நாலு நாள் ருசி மாறக்கூடாது. அரிசிம்பருப்பு ரவை செய்துகொள்ளுங்கள். ஒரு டம்ளர் அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி, கால் டம்ளர் துவரம்பருப்பு, அரை ஸ்பூன் சீரகம், நாலைந்து மிளகு சேர்த்து வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் ரவையாக உடையுங்கள். சூடோடு அரைத்தால் ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும். ஒரு பங்கு ரவைக்கு ஐந்து பங்கு தண்ணீர், குக்கரில் மூன்று விசில்.

விமானத்தில் வேகவைக்க வழியில்லை. அங்கே வறுத்த அவல்பொடிதான் சரி. இரண்டு மேஜைக் கரண்டிப் பொடிக்கு 100 மில்லி வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும். வெந்நீரைச் சிறிய பிளாஸ்க்கில் நீங்களே கொண்டுபோங்கள். கைப்பையில் திரவங்களுக்கு உள்ள 100 மில்லி வரம்பு குழந்தைக்கான பாலுக்கும் தண்ணீருக்கும் பொருந்தாது, ஆனால் பாதுகாப்புச் சோதனையில் அவற்றைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

5. காது, காய்ச்சல்

ஏறும்போதும் இறங்கும்போதும் காதுக்குள் அழுத்தம் மாறும். விழுங்கினால் சரியாகும். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, தூங்கினாலும் எழுப்பிப் பாலோ தண்ணீரோ கொடுங்கள். ஏறும்போதே பால் முழுவதும் தீர்ந்துவிட்டால், இறங்கும்போது அழுகைதான் மிஞ்சும். தூங்கவைக்கச் சளி மருந்து கொடுக்க வேண்டாம். சில குழந்தைகள் அதனால் தூங்காமல் துள்ளும்.

பாராசிட்டமாலில் ஏமாந்துவிடாதீர்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும், 250 உள்ளதும், ஒரே மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தும் கடையில் கிடைக்கும். ஒன்றின் அளவை இன்னொன்றுக்கு ஊற்றினால் இரண்டு, நான்கு மடங்குகூட ஆகிவிடும். கிளம்புமுன் மருத்துவரிடம் எடை சொல்லி, எத்தனை மில்லி என்று பாட்டில்மேலேயே எழுதி வாங்குங்கள்.

6. போய் இறங்கிய பின்

சிங்கப்பூரில் டாக்சிக்குக் குழந்தை இருக்கை விலக்கு உண்டு. ஆப்பில் பிடிக்கும் தனியார் காருக்குக் கிடையாது. விமான நிலையத்தில் டாக்சி வரிசையில் நில்லுங்கள், அல்லது குழந்தை இருக்கையுள்ள காராகப் பார்த்துப் பதியுங்கள்.

அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். நம் ஊர் ஒன்பது மணித் தூக்கம் அங்கே பதினொன்றரை. கிளம்புமுன் ஐந்து நாள், தினமும் அரை மணி நேரம் முன்னதாகத் தூங்கவையுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பத்தா கை நீட்டுவார். குழந்தை வீறிட்டால் அவர் மனம் சுருங்கும். அதனால் முன்கூட்டியே போனில் சொல்லிவையுங்கள்: "அத்தை, முதல்ல நாங்க வெச்சுக்கறோம்ங்க, நீங்க பக்கத்துல உக்காந்து பேசுங்க, அவனே வந்துருவான்."

பிறகு குழந்தை உயரத்துக்குக் குனிந்து வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அடுக்குமாடி என்பதால் ஜன்னல் கம்பிக்குப் பூட்டு உண்டா, பக்கத்தில் ஏறி நிற்க நாற்காலி கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், சாப்பாட்டு மேஜைமேல் இருக்கும் அப்பாருவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை உயரமான அலமாரிக்கு மாற்றச் சொல்லுங்கள். சில வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் அங்கத்திய ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.