காட்டரி பிளேட்டை ஒட்டும் முன்

ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) வேலை பார்க்கும் சிஸ்டர்களே, டெக்னீஷியன்களே, மோனோபோலார் காட்டரி (கரண்டால் திசுவை வெட்டி, ரத்தக்கசிவை நிறுத்தும் மெஷின்) போடும்போது, நோயாளியின் தோலில் ஒட்டும் பேஷண்ட் பிளேட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சர்ஜன் கையில் பிடிக்கும் காட்டரி பென்சிலின் நுனியில் இறங்கும் கரண்ட் அந்த பிளேட் வழியாகத்தான் மெஷினுக்குத் திரும்புகிறது. பிளேட் பாதி பெயர்ந்து நின்றால், ஒட்டியிருக்கும் சிறு இடத்தில் மொத்த கரண்டும் குவிந்து தோல் வெந்துவிடும். மயக்கத்தில் இருப்பவரால் "எரியுது" என்று சொல்லவா முடியும்?

தொடை, புட்டம் போன்ற சதைப்பிடிப்பான இடமே நல்லது. ஆபரேஷன் செய்யும் இடத்துக்குப் பக்கமாக இருக்கட்டும். எலும்பு துருத்தும் இடம், தழும்பு, உள்ளே உலோகம் வைத்த இடம் வேண்டாம். முடியை நீக்கி, தோலை உலர்த்தி, ஓரங்களை விரலால் நீவி ஒட்டுங்கள். உரித்த டிஸ்போசபிள் பிளேட்டைத் திரும்ப ஒட்டக் கூடாது. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் மறுபடி பாருங்கள்.

சர்ஜன் "பவரைக் கூட்டுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், கூட்டுவதற்கு முன் பிளேட்டையும் ஒயரையும் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான்.

தோலைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் கலந்த மருந்து தடவினால், காட்டரியில் தீப்பிடிக்காமல் இருக்க குறைந்தது 3 நிமிடம் காயவிட்டு, அடியில் தேங்கியதையும் துடைத்த பிறகே டிரேப் (மூடும் துணி) போடுங்கள். பயன்படுத்தாத நேரம் பென்சில் உறையில் இருக்கட்டும். பேஸ்மேக்கர் உள்ளவரா? மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.