ஒரே பொத்தான், இரண்டு கோள்கள்: எ டான்ஸ் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ் ஆடும் முறை

ஹஃபீஸ் அஸ்மானின் செவன்த் பீட் கேம்ஸ் நிறுவனம் 2019இல் கணினிக்கு வெளியிட்ட இந்தத் தாள விளையாட்டில், ஆடுபவர் செய்ய வேண்டியது ஒரு பொத்தானை உரிய கணத்தில் அழுத்துவது மட்டுமே. சிவப்பு, நீலம் என இரு கோள்களில் ஒன்று பாதையின் கட்டத்தில் நிற்க, மற்றொன்று அதைச் சுற்றி வரும். சுற்றும் கோள் அடுத்த கட்டத்தை எட்டும்போது அழுத்தினால் அது அங்கே ஊன்றி நிற்க, இதுவரை நின்றது சுற்றத் தொடங்கும். அதிகம் பிசகினால் ஆட்டம் முறியும்.

ஆடத் தொடங்கும் முன் ஒலித் தாமதத்தைச் சரிசெய்வது கட்டாயம். புளூடூத் காதணிகளில் ஒலி 0.1 நொடிக்கும் மேல் தாமதிப்பது சாதாரணம் என்பதால், கம்பியுள்ள காதணியே நல்லது. அதன்பின் அமைப்புகளில் உள்ள அளவுத்திருத்தத்தைத் திறந்து, கேட்கும் தாளத் தட்டுக்கேற்ப அழுத்தி முடிக்க வேண்டும். ஆட்டத்தின்போது ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது முந்தியதா, பிந்தியதா, சரியானதா என்று திரையில் சொல் தோன்றும். நிதானமான பகுதியிலும் ஒரே பக்கமாகவே பிழை வந்துகொண்டிருந்தால், விரலைக் குறை கூறாமல் திருத்த அளவை மீண்டும் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டின் உயிர்நாடி கோணம்தான். கோள் சீரான வேகத்தில் சுற்றுவதால் கோணமே காலமாகிறது. நேர்ப்பாதையில் அது அரைவட்டம், அதாவது 180 பாகை கடக்கிறது; அது ஒரு தட்டு. செங்கோணத் திருப்பத்தில், சுற்றும் திசைக்குக் குறுகிய பக்கம் அமைந்தால் 90 பாகை, அரைத் தட்டு. அகன்ற பக்கம் அமைந்தால் 270 பாகை, ஒன்றரைத் தட்டு. ஒரு தட்டுக்குத் "தகதிமி" என்று மனத்துக்குள் சொல்லிப் பழகினால் ஒவ்வோர் அசையும் 45 பாகையாகிவிடும்: குறுகிய திருப்பத்துக்குத் "தக", நேர்ப்பாதைக்குத் "தகதிமி", அகன்ற திருப்பத்துக்குத் "தகதிமிதக". முக்கோணமாக வளையும் பாதையில் ஒவ்வொரு முனையும் 60 பாகை என்பதால் அங்கே "தகிட" என்று நடையை மாற்ற வேண்டும். அந்த முனைகளில் மட்டும் ஓர் அசைக்கு ஓர் அழுத்தம். திரையில் விரியும் பாதையை ஒரு தாளக் குறிப்பாகவே படித்துவிடலாம் என்பதுதான் இந்த ஆட்டத்தின் தனிச் சிறப்பு.

எனவே கோளின் மீது கண்ணை வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 150 தட்டுகள் கொண்ட பாட்டில் ஒரு தட்டு 0.4 நொடி, குறுகிய திருப்பம் 0.2 நொடி. கண்ணால் பார்த்தபின் விரல் அசையவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிவிடும்; ஆகவே கோள் கட்டத்தைத் தொடுவதைப் பார்த்து அழுத்துபவர் எப்போதும் பிந்துவார். பார்வை இரண்டு மூன்று கட்டங்கள் முன்னே இருக்கட்டும். அழுத்தும் கணத்தைக் காது முடிவு செய்யட்டும்.

வழியில் சில குறிகள் வரும். சுழல் குறி சுற்றும் திசையை மாற்றும்; குறுகிய பக்கமும் அகன்ற பக்கமும் அங்கே இடம் மாறுவதால், புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். முயல் குறி வேகத்தைக் கூட்டும், நத்தை குறைக்கும். வேகம் இரட்டித்தால் நேர்ப்பாதைக் கட்டமும் அரைத் தட்டாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

உலகம் எனப்படும் ஒவ்வொரு பகுதியிலும் அதற்குரிய வடிவத்தைக் கற்பிக்கும் சிறு நிலைகள் முதலில் வரும். எக்ஸ் என்று குறிக்கப்பட்ட முழுப் பாட்டு அவற்றுக்குப் பின்புதான். சிறு நிலைகளைத் தாண்டிச் செல்லும் அவசரம் வேண்டாம். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் முறிந்தால், விசையைத் தொடாமல் அந்தப் பகுதியின் அசைகளைக் கையால் தொடையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள். வாய் தடுமாறும் இடத்தில்தான் விரலும் தடுமாறியிருக்கும். அழுத்தம் சரியா என்று ஆட்டம் கணிப்பதில் உள்ள கண்டிப்பைத் தளர்த்தும் வசதியும் உண்டு, தொடக்கத்தில் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மிக விரைவான பகுதிகளில் ஒரு விரல் களைத்துவிடும். எந்த விசையை அழுத்தினாலும் ஆட்டம் ஏற்கும் என்பதால், இரு விரல்களை இரு விசைகளில் வைத்து மாறி மாறி அழுத்துங்கள்.