டாட்ஃபைல்களை ஒரே இடத்தில் கட்டி வைத்த கதை

போன ஐப்பசி மழையில், வேளச்சேரி வீட்டில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் கணினியின் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது. படங்களுக்கு நகல் இருந்தது. எட்டு வருடமாகச் சேர்த்த டாட்ஃபைல்கள், அதாவது பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் நிரல்), விம் (உரை எழுதும் நிரல்) போன்றவற்றின், புள்ளியில் பெயர் தொடங்கும் அமைப்புக் கோப்புகள் மட்டும் போயே போய்விட்டன. அவை என் கைப்பழக்கம். மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

நினைவிலிருந்து திரும்ப எழுதியதும், என் ஹோம் கோப்புறைக்குள் டாட்ஃபைல்ஸ் என்று ஒரு கோப்புறை போட்டேன். அதற்குள் பாஷுக்கு ஒன்று, விம்முக்கு ஒன்று, டிமக்ஸுக்கு (ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரிக்கும் நிரல்) ஒன்று. மொத்தத்தையும் கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்து வெளி சர்வருக்கும் தள்ளினேன். அந்தக் கோப்புறைக்குள் நின்று இணைப்புகளைப் போட்டுத்தரும் க்னூ ஸ்டோ என்ற நிரலை ஓட்டினால், கோப்புகள் அங்கேயே இருக்கும். ஹோமில் அவற்றைச் சுட்டிக்காட்டும் இணைப்பான சிம்லிங்க் மட்டும் விழும்.

அலுவலகக் கணினியில்தான் சிக்கல். அதிலிருந்த உபுண்டு இயங்குதளம் முன்பே ஒரு பாஷ்ஆர்சி கோப்பை (பாஷின் அமைப்புக் கோப்பு) வைத்திருந்ததால், ஸ்டோ அதன்மேல் கைவைக்க மறுத்து நின்றது. அது மறுப்பதுதான் சரி. அடாப்ட் (--adopt) என்ற விருப்பத்தைக் கொடுத்திருந்தால், அங்கிருந்த கோப்பு என் கோப்புறைக்குள் வந்து நான் எழுதியதை மாற்றியிருக்கும். பழையதற்கு வேறு பெயர் வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். டெர்மினலைத் திறந்ததும் என் பழைய பச்சை ப்ராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி) வந்து நின்றது!

அப்புறம், வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் தனிச்சாவியை மட்டும் கிட்டில் சேர்க்கவே இல்லை. அது ஒவ்வொரு கணினிக்கும் புதிதாக உருவாக்கிக்கொள்வது.